எய்ன்ட் நோ சன்ஷைன்: இந்த பாட்ட பத்தி எல்லாரும் கேக்குற கேள்விகள்

பில் வித்தர்ஸோட இந்த பாட்ட யாருக்கு போட்டுக் காட்டினாலும், கேட்டு முடிச்சதும் ஏறக்குறைய ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் வருது. ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ், கஸின்ஸ், கிடார் கத்துக்குற பசங்க, ஒரு தடவ எங்க சித்தப்பா கூட கேட்டார். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்புறதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கேள்விகள அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

முதல்ல இது யார் பாட்டு, எப்ப வந்தது? பேர் தெரியல, ஆனா ட்யூன் எங்கயோ கேட்டிருக்கேன்

எழுதினது, பாடினது ரெண்டுமே பில் வித்தர்ஸ். அமெரிக்காவுல வெஸ்ட் வர்ஜீனியா மாநிலத்துல ஸ்லாப் ஃபோர்க்னு ஒரு சின்ன நிலக்கரிச் சுரங்க ஊர், அங்க 1938 ஜூலை 4 பிறந்தவர். வளர்ந்தது பக்கத்துல பெக்லி டவுன்ல. 1971ல வந்த அவரோட முதல் ஆல்பம் 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்', அதுல இருக்குற பாட்டு இது. அமெரிக்காவோட பில்போர்ட் ஹாட் 100 லிஸ்ட்ல 3வது இடம் வரைக்கும் போச்சு, அடுத்த வருஷம் சிறந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுக்கான கிராமி விருதும் கெடச்சது.

ட்யூன் தெரிஞ்சு பேர் தெரியாம இருக்குறது ரொம்ப சகஜம். சினிமாவுல, விளம்பரத்துல, காபி ஷாப்ல, டிவி பாட்டுப் போட்டில எல்லாம் ஓடிக்கிட்டே இருக்குற பாட்டு. பாதி பேருக்கு அந்த நடுவுல வர்ற "ஐ நோ ஐ நோ" மட்டும் ஞாபகம் இருக்கும், அத கீழ விவரமா சொல்றேன்.

சோல் பாட்டுங்கறாங்க, கேட்டா ப்ளூஸ் மாதிரி இருக்கு, கிடார் வேற ஃபோக் மாதிரி இருக்கு. எதுல சேர்க்குறது?

மூணுமே உள்ள இருக்கு. சோல்ங்கறது சர்ச்ல பாடுற காஸ்பெல்லும் ரிதம் அண்ட் ப்ளூஸும் கலந்து கறுப்பின அமெரிக்கர்கள் கிட்டேர்ந்து 1950கள்ல, 60கள்ல வளர்ந்த இசை. அந்த காலத்து சோல்ல பெரும்பாலும் ஹார்ன் செக்‌ஷன், பின்னாடி கோரஸ், உச்சஸ்தாயில கதறுறது எல்லாம் இருக்கும். வித்தர்ஸ் ஒரு அக்கூஸ்டிக் கிடார மடியில வெச்சுக்கிட்டு, ஸ்டூல்ல உக்காந்து, பேசுற குரல்லயே பாடினார். அதனால அவர் எதுல சேர்த்தின்னு அப்பவே நிறைய பேருக்கு குழப்பம்.

ஆனா ஆல்பத்துக்கு புரொட்யூசர் புக்கர் டி ஜோன்ஸ். மெம்ஃபிஸ் நகரத்துல ஸ்டாக்ஸ் கம்பெனியோட சோல் சத்தத்த உருவாக்கின ஆள். தன்னோட சொந்த குரூப்பச் சேர்ந்த ட்ரம்மர் அல் ஜாக்சன், பேஸ் வாசிச்ச டக் டன் ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தார். ஃபோக்-ராக் பக்கத்துலேர்ந்து ஸ்டீஃபன் ஸ்டில்ஸ் கிடாருக்கு வந்தார். இப்படி ரெண்டு உலகம் சேர்ந்த ஆல்பம், அதான் உங்க காதுக்கு அப்படிக் கேக்குது.

கதை என்ன, லவ்வர் விட்டுட்டு போயிட்டா, இவன் அழறான், அதானே?

இங்கதான் நான் கொஞ்சம் நின்னு பேசுவேன், ஏன்னா எனக்கு இந்த பாட்டு மேல இருக்குற பைத்தியமே இந்த எடத்துலதான் ஆரம்பிக்குது. அவ ஒரேயடியா போயிட்டான்னு பாட்டு எங்கயும் சொல்லல. வரிகள கவனிச்சா, அவ போறப்பல்லாம் வீடு வீடா இல்ல, போனா வர்றதுக்கு ரொம்ப நாளாக்குறா, இந்த தடவ எங்க போயிருப்பான்னு தெரியல, ஒருவேள இந்த தடவ போனவ அங்கயே இருந்துடுவாளோ, இப்படித்தான் போகுது. "இந்த தடவ"ன்னா முன்னாடி பல தடவ நடந்திருக்கு. திரும்பவும் வந்திருக்கா. திரும்பவும் போயிருக்கா.

பிரிவுல ரெண்டு வகை உண்டு. ஒண்ணு, முடிஞ்சு போச்சுன்னு தெரிஞ்ச பிரிவு, அழுது தீர்த்துட்டு எழுந்திருக்கலாம். இன்னொண்ணு, வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா அவளா இருக்குமோன்னு தலைய தூக்கிப் பாக்க வைக்குற பிரிவு. இது ரெண்டாவது வகை, அதுல ஆளு எழுந்திருக்கவே முடியாது, ஏன்னா எதுவும் இன்னும் முடியல. சோகப் பாட்டு ஆயிரம் இருக்கு, இந்த இழுபறிய இவ்வளவு கம்மி வார்த்தைல சொன்ன பாட்டு எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல.

நடுவுல "ஐ நோ ஐ நோ"ன்னு போய்க்கிட்டே இருக்கே, முதல் தடவ கேட்டப்ப ஆப் ஹேங் ஆயிடுச்சுன்னு நெனச்சேன். எதுக்கு அது?

மொத்தம் 26 தடவ. நம்ப மாட்டீங்க, அது வரி எழுதாம விட்ட எடம். அந்த எடத்துக்கு வேற வரிகள் எழுதலாம்னுதான் வித்தர்ஸ் நெனச்சிருந்தார், அதுவரைக்கும் சும்மா அத வெச்சு நிரப்பிப் பாடினார். ஸ்டுடியோல இருந்தவங்க எல்லாரும் அப்படியே விட்டுடுன்னு சொல்லிட்டாங்க. எதிர்ல இருந்தது புக்கர் டி, அல் ஜாக்சன், ஸ்டில்ஸ் மாதிரி அனுபவசாலிங்க, இவர் அப்பதான் முதல் ஆல்பம் பண்ற ஃபேக்டரி தொழிலாளி. இவ்வளவு தெரிஞ்சவங்க சொல்றாங்களே, சரின்னு விட்டுட்டார்னு பின்னாடி பேட்டில சொல்லிருக்கார்.

இப்ப அது எங்க வருதுன்னு பாருங்க. அந்த "எனக்குத் தெரியும் தெரியும் தெரியும்" முடிஞ்ச உடனே, அந்த சின்னவள நான் விட்டுடணும்னு ஒரு வரி, அதுக்கு அடுத்த மூச்சுல ஆனா அவ இல்லாம வெளிச்சமே இல்லன்னு மறுபடி ஆரம்பிச்ச எடத்துக்கே வந்துடுறார். யாரோ எதிர்ல உக்காந்து, டேய் அவ உனக்கு சரிப்பட்டு வர மாட்டா, விட்டுடுறான்னு புத்தி சொல்லிக்கிட்டே இருக்காங்க, இவர் தெரியும் தெரியும் தெரியும்னு தலையாட்டிக்கிட்டே இருக்கார், அப்படித்தான் எனக்கு கேக்குது. எல்லாம் தெரியுது, தெரிஞ்சு ஒரு பிரயோஜனமும் இல்ல. நல்ல நல்ல வரிகளா நாலு எழுதியிருந்தா இந்த வலி வந்திருக்காதுன்னு நான் உறுதியா நம்புறேன்.

அந்த எடத்துல மத்த கருவிகள் ஒதுங்கிக்கும், தாளத்து மேல குரல் மட்டும் ஓடும். ஹெட்ஃபோன்ல கேளுங்க, மூச்சு விடாம ஓடுற மாதிரி இருக்கும், எங்க முடியும்னு நமக்குப் பிடிபடாது. கரோக்கில பாடுறவங்க பெரும்பாலும் கவுத்துக்குறதும் அங்கதான்.

அவருக்கு திக்குவாய்னு படிச்சேன். அதனாலதான் அந்த மாதிரி திரும்பத் திரும்ப வருதா?

திக்குவாய் இருந்தது உண்மை. சின்ன வயசுலேர்ந்து இருந்து, கடற்படைல வேலை பாத்த காலம் வரைக்கும் தொடர்ந்து, இருபதுகளோட கடைசிலதான் அதுலேர்ந்து வெளிய வந்தார். ஆனா அந்த "ஐ நோ" அதுலேர்ந்து வரல, எப்படி வந்ததுன்னு மேல சொன்னேனே, அவரே சொன்ன காரணம் அதுதான். இத திக்குவாயோட முடிச்சுப் போடுறது எனக்கு பிடிக்கவும் இல்ல. அவர் அத்தன வருஷம் போராடி மீண்டத ஒரு பாட்டு ட்ரிக்கா சுருக்குற மாதிரி இருக்கு.

ஒண்ணு மட்டும் சொல்லலாம். பேசுறதுக்கு கஷ்டப்பட்டு வளர்ந்த ஆள் வார்த்தைய வீணடிக்க மாட்டார். அவரோட எந்தப் பாட்டுலயும் தேவையில்லாத அலங்காரம் இருக்காது, சின்னச் சின்ன வார்த்தை, எல்லாருக்கும் புரியுற வார்த்தை.

ஏதோ குடிகாரப் படம் பாத்துட்டு எழுதினாராமே, நெசமா?

நெசம்தான், அவரே சொன்னது. 'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ்'னு 1962ல வந்த ஹாலிவுட் படம், ஜாக் லெமன், லீ ரெமிக் நடிச்சது. புருஷன் குடிக்கிறவன், பொண்டாட்டிக்கு குடியே பழக்கமில்ல, சாக்லேட்னா உசுரு. அவன்தான் சாக்லேட் ருசி இருக்குற ஒரு காக்டெயில் வாங்கிக் குடுத்து பழக்குறான். அப்புறம் ரெண்டு பேரும் மூழ்கிடுறாங்க. ஒருத்தர் மேல வரப் பாத்தா இன்னொருத்தர் இழுக்குறது, இப்படியே போகும். கடைசில அவன் குடிய விட்டுட்டு குழந்தைய பாத்துக்கிட்டு இருப்பான், அவளால விட முடியல, வந்து பாத்துட்டு திரும்பப் போயிடுவா. அவன் ஜன்னல் வழியா அவ போறத பாத்துட்டு நிப்பான்.

அந்த ரெண்டு பேரும் மாறி மாறி பலவீனமாவும் பலமாவும் இருந்தத பாத்துதான் தனக்கு இது தோணுச்சுன்னும், எலி மருந்த ஒரு தடவ சாப்பிட்டுட்டு இன்னும் கொஞ்சம் போடுங்கன்னு கேக்குற மாதிரின்னும் வித்தர்ஸ் சொல்லிருக்கார். நமக்கு நல்லது பண்ணாத விஷயத்தக் கூட சில சமயம் மனசு தேடும்னும் சேர்த்துச் சொன்னார். இத தெரிஞ்சுக்கிட்டு பாட்ட மறுபடி கேட்டா அந்த ஜன்னல் சீன் அப்படியே கண்ணு முன்னாடி வருது.

அப்ப "அவ"ங்கறது பொண்ணே இல்ல, சரக்குதான்னு எடுத்துக்கலாமா? என் ஃப்ரெண்ட் அடிச்சு சொல்றான்

உங்க ஃப்ரெண்ட் மட்டும் இல்ல, நிறைய பேர் சொல்றாங்க. குடிய விட முயற்சி பண்ணினவங்க இந்த பாட்ட கேட்டுட்டு, இது எங்க பாட்டுன்னு சொல்றத நானே கேட்டிருக்கேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் பல வருஷமா தொடாம இருக்கார், அந்த "விட்டுடணும், ஆனா"ங்கற எடம் வந்தா எழுந்து வெளிய போயிடுவார். அவருக்கு அது ஒரு பொண்ணோட கதையா எப்பவுமே கேட்டதில்ல. அப்படி கேக்குறவங்ககிட்ட போய் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வராது.

இருந்தாலும் பாட்ட அப்படி ஒரு புதிர் மாதிரி உடைச்சு, அவ சமம் சரக்குன்னு எழுதி முடிக்கிறது சரியில்ல. படத்துலயே புருஷன் ஏங்குறது பாட்டிலுக்கு இல்ல, பாட்டில் கிட்ட தொலைஞ்சு போன மனைவிக்கு. வித்தர்ஸும் குடிய பத்தி ஒரு வார்த்தை எழுதல. அந்த படத்துலேர்ந்து அவர் எடுத்தது ஒரே ஒரு நெலமை, கெடுதல்னு தெரிஞ்சும் திரும்பப் போறது. அதுக்குள்ள ஆள வைக்கலாம், பழக்கத்த வைக்கலாம், சில பேருக்கு விட்டுட்டு வந்த ஊரு கூட இருக்கலாம். பொண்ணா கேக்குறவங்களும் குடியா கேக்குறவங்களும் ஒரே பாட்டத்தான் கேக்குறாங்க.

அவரோட பொண்டாட்டிய நெனச்சு எழுதினதுன்னு ஒரு வீடியோல சொன்னாங்களே?

இல்ல. நடிகை டெனிஸ் நிக்கோலஸ அவர் கல்யாணம் பண்ணது 1973ல, அது ரொம்ப சீக்கிரமே முறிஞ்சு போச்சு. இந்த பாட்டு வந்தது 1971ல. பின்னாடி நடந்த கல்யாணத்த முன்னாடி வந்த பாட்டுக்கு காரணமா சொல்ல முடியாது. இத எழுதத் தூண்டினது எதுன்னு ரெண்டு கேள்விக்கு முன்னாடியே இருக்கு.

"யங் திங்"னு ஒரு வரி வருதே, அது கொஞ்சம் உறுத்துது. சின்னப் பொண்ணா?

உறுத்துறது தப்பில்ல, ஆனா அந்தக் காலத்து அமெரிக்க பாட்டுகள்ல இளம் பெண்ண அப்படிச் சொல்றது ரொம்ப சாதாரணம், சிறுமின்னு அர்த்தம் இல்ல. பாடும்போது வித்தர்ஸுக்கு 32 வயசு, குரல்ல ஒரு முதிர்ச்சி இருக்கு, அதனால தன்னவிட வயசு கம்மியான, ஒரு எடத்துல நிக்காத ஒருத்திய நெனச்சு பேசுற மாதிரி இருக்கு. எனக்கு அந்த வரி முக்கியமா படுறது வேற காரணத்துக்கு. பாட்டு முழுக்க அவள ஒரு குத்தமும் சொல்லல. துரோகின்னோ ஏமாத்திட்டான்னோ ஒரு வார்த்தை இல்ல. அந்த ஒரு எடத்துலதான் இது சரியா வராதுன்னு லேசா ஒத்துக்குறார், அதையும் தன் மேலயே போட்டுக்குறார், நான்தான் விடணும்னு.

டாய்லெட் செய்யுற கம்பெனில வேலை பாத்தாருங்கறது கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்ல. கடற்படைல ஒன்பது வருஷம் இருந்துட்டு 1967ல லாஸ் ஏஞ்சலஸ் வந்தார், விமான பாகங்கள் செய்யுற ஃபேக்டரில வேலை, போயிங் 747 விமானத்துக்கு கழிவறை செஞ்சு மாட்டுறது. சம்பளத்துல மிச்சம் பிடிச்சு டெமோ ரெக்கார்ட் பண்ணி கம்பெனி கம்பெனியா குடுத்துக்கிட்டு இருந்தார். கடைசில சசெக்ஸ் ரெக்கார்ட்ஸ்னு ஒரு சின்ன கம்பெனி நடத்தின கிளாரன்ஸ் அவான்ட்தான் வாய்ப்பு குடுத்தார். ஆல்பம் அட்டைய பாருங்க, செங்கல் சுவரு பக்கத்துல கைல டிபன் பாக்ஸோட நிப்பார். அது அவர் வேலை பாத்த ஃபேக்டரிலயே சாப்பாட்டு இடைவேளைல எடுத்த போட்டோ. பாட்டு ஹிட் ஆனதும் ரெக்கார்ட் கம்பெனிக்காரங்க ஞாபகார்த்தமா தங்க நிறத்துல ஒரு டாய்லெட் சீட்டே பரிசா குடுத்தாங்க.

புக்கர் டி சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிக்கும். முதல் நாள் வித்தர்ஸ் ஃபேக்டரி ஷூவோட, ஓட்டை கார்ல, பாட்டு எழுதின நோட்டோட வந்திருக்கார். உள்ள இத்தன பெரிய ஆளுங்கள பாத்துட்டு புக்கர் டிய தனியா கூப்பிட்டு, இந்த பாட்டெல்லாம் யார் பாடப் போறாங்கன்னு கேட்டிருக்கார். நீதான்னு சொன்னதும்தான் அவருக்கே தெரியும். வேற யாரோ பாடகர் வருவார், தான் பாட்டு எழுதினவன் மட்டும்னு நெனச்சிட்டு வந்திருக்கார். பாடகர் கிரஹாம் நாஷ் ஒரு நாள் எதிர்ல உக்காந்து, நீ எவ்வளவு நல்லா பாடுறன்னு உனக்கே தெரியலன்னு சொன்னாராம். அந்த தயக்கம் பாட்டுலயும் இருக்கு, யாரையும் அசத்தணும்னு பாடாத ஒரு குரல்.

இது முதல்ல பி சைடுல வந்ததாமே? பி சைடுன்னாலே என்னன்னு தெரியாது

அப்ப பாட்டெல்லாம் சின்ன வட்ட ரெக்கார்டா விப்பாங்க, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பாட்டு. கம்பெனி எத ஹிட்டாக்க நெனக்குதோ அது ஏ பக்கம், சும்மா நிரப்ப வைக்குறது பி பக்கம். ஏ பக்கத்துல 'ஹார்லம்'னு ஆல்பத்தோட முதல் பாட்ட வெச்சாங்க, இது பின்பக்கம். ரேடியோ டிஜேக்கள் திருப்பிப் போட ஆரம்பிச்சாங்க, ஜனங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க, அவ்வளவுதான்.

அந்த நேரம் வித்தர்ஸ ஃபேக்டரில லே ஆஃப் பண்ணிருந்தாங்க. ஒரே நாள்ல ரெண்டு லெட்டர் வந்ததா சொல்லுவார், ஒண்ணு திரும்ப வேலைக்கு வான்னு, இன்னொண்ணு ஜானி கார்சனோட டிவி ஷோல வந்து பாடுன்னு.

ஏன் இவ்வளவு சின்ன பாட்டு? ஆரம்பிச்ச உடனே முடிஞ்சிடுது

ரெண்டு நிமிஷமும் சில நொடிகளும்தான். முன்னிசை கிடையாது, குரல்தான் முதல்ல வருது, கிடார் அப்புறம் பதில் சொல்லுது. ரெண்டாவது சரணத்துல வயலின்கள் மெதுவா சேருது, அது புக்கர் டி எழுதினது, பாட்ட மூழ்கடிக்காம பின்னாடியே நிக்குது. பல்லவி, அனுபல்லவி மாதிரி தனித்தனியா எதுவும் இல்ல, ஒரே மெட்டு சுத்திச் சுத்தி வருது, கடைசில "அவ போறப்பல்லாம்"னு சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி முடிச்சிடுது. கதை முடியல, பாட்டு மட்டும் முடியுது. மறுபடி போடத் தோணுறதுக்கு அதான் காரணம்னு நெனக்கிறேன், நீங்க ரிபீட்ல விட்டா அவனும் ரிபீட்ல மாட்டிக்கிட்ட மாதிரியே இருக்கும்.

இது என்ன ராகம்? எனக்கு ஏதோ தெரிஞ்ச மாதிரியே இருக்கு (சித்தப்பா கேட்டது)

பாட்டு ஏ மைனர்ல இருக்கு, மெட்டு பெரும்பாலும் மைனர் பென்டடானிக்ங்கற அஞ்சு ஸ்வரத்துக்குள்ளயே நடக்குது. அந்த அஞ்சு ஸ்வரம் நம்ம சுத்த தன்யாசியோட ஸ்வரங்கள்தான், ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். காதுக்கு பழகின மாதிரி தோணுறது அதனாலதான். ஆனா இத சுத்த தன்யாசின்னு சொல்லிட முடியாது, கமகமும் பிடிகளும் வேற, கீழ வர்ற கார்ட்ஸ்ல அஞ்சத் தாண்டி வேற ஸ்வரங்களும் இருக்கு. ப்ளூஸ்காரங்களுக்கு இந்த அஞ்சு ஸ்வரம் அவங்க வழில வந்தது, நமக்கு நம்ம வழில வந்தது.

கிடார் கத்துக்குறவங்களுக்கு: ஏ மைனர், இ மைனர், ஜி, டி மைனர், நாலே கார்டு. கை சீக்கிரம் வந்துடும். பாடிக்கிட்டே வாசிச்சுட்டு "ஐ நோ"வ தாண்டி சரியான எடத்துல கிடார்ல வந்து இறங்குறதுதான் வேலை.

மைக்கேல் ஜாக்சன் பாட்டுன்னு நெனச்சேனே? எந்த வெர்ஷன் நல்லா இருக்கும்?

அவரும் பாடிருக்கார், 13 வயசுல. 1972ல வந்த அவரோட முதல் சோலோ ஆல்பத்துல இருக்கு, இங்கிலாந்துல 8வது இடம் வரைக்கும் போச்சு. குரல் தேன், ஆனா 13 வயசுப் பையன் வாயில அந்த "விட்டுடணும்" வரி வேற மாதிரி கேக்குது, அனுபவம் இல்லாத குரல்ல அந்த சோகம் விளையாட்டு மாதிரி போயிடுது. ஃப்ரெட்டி கிங் 1972லயே ப்ளூஸ் கிடாரோட பண்ணிருக்கார், அது கோவமா இருக்கும், எனக்கு பிடிக்கும். பட்டி கையும் ட்ரேசி சாப்மனும் சேர்ந்து பாடினது ஒண்ணு இருக்கு, 2005, ஆணும் பெண்ணும் பாடுறதால அவளுக்கும் ஒரு பக்கம் இருக்குங்கற மாதிரி ஆயிடுது. பால் மெக்கார்ட்னியோட 1991 அன்ப்ளக்டு கச்சேரில ஹேமிஷ் ஸ்டூவர்ட் பாட, மெக்கார்ட்னி ட்ரம்ஸ் வாசிச்சிருப்பார். ஈவா காசிடி பாடினதும் அருமை.

என்ன சொன்னாலும் முதல்ல 1971 ஒரிஜினல். ரெண்டாவதா வித்தர்ஸே கார்னகி ஹால்ல பாடினது, 1972 அக்டோபர் கச்சேரி, 1973ல ஆல்பமா வந்தது. பல பாடகர்கள் இந்த பாட்டுல குரல் வித்தைய காட்டுறாங்க, அழகாத்தான் இருக்கு, ஆனா பாட்டுல வர்ற அந்த ஆளுக்கு வித்தை காட்டுற தெம்பு இருக்காதே.

நாட்டிங் ஹில் படத்துல வருமே, அந்த நடக்குற சீன், அதுல இதானா?

ஆமா, 1999 படம். ஹியூ கிரான்ட் லண்டன் போர்டபெல்லோ ரோடு மார்க்கெட்ல நடந்து போவார், நடக்க நடக்க சீசன் மாறும், மழை, பனி, வெயில். ஆரம்பத்துல கர்ப்பமா இருக்குற பொண்ணு முடிவுல கைக்குழந்தையோட நிப்பா. என் வயசு ஆளுங்க பல பேருக்கு பாட்டு அறிமுகமானதே இப்படித்தான். எனக்கும் ஹாஸ்டல்ல ரூம்மேட்டோட கம்ப்யூட்டர்ல அந்த சீன் பாத்துதான், படம் முடியற வரைக்கும் கூட காத்திருக்காம பாட்டு பேர் என்னன்னு நச்சரிச்சு வாங்கினேன். பாட்டுல அவ போன காலம் எவ்வளவுன்னு சொல்ல மாட்டாங்க, படம் அதுக்கு ஒரு வருஷம்னு கணக்கு குடுத்துடுச்சு.

எங்க அம்மா போனதுக்கு அப்புறம் இந்த பாட்டதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். காதல் பாட்ட அப்படி கேக்குறது தப்பா?

தப்பே இல்ல. மேல மூணாவது கேள்வில நான் சொன்னது, அவ திரும்பத் திரும்ப போய் வர்றாங்கறது, வரிகளோட கணக்கு. துக்கத்துல இருக்குறவங்களுக்கு அந்தக் கணக்கு வேற மாதிரி வேலை செய்யுது. இறந்தவங்களும் தினம் போறாங்க. காலைல எழுந்து ஒரு நொடி எல்லாம் பழையபடி இருக்குற மாதிரி தோணி, அப்புறம் ஞாபகம் வரும்போது மறுபடி போறாங்க. வீடு இருக்கு, வீடா இல்லங்கற அந்த வரி, அம்மா இல்லாத சமையக்கட்டுல நின்னவங்களுக்கு யாரும் விளக்க வேண்டாம்.

எங்க பாட்டி இறந்த வருஷம் நானும் அப்படிக் கேட்டிருக்கேன். பாட்டுல "தெரியும் தெரியும்"னு வர்றப்ப, ஆறுதல் சொல்ல வந்த எல்லாருக்கும் நான் தலையாட்டினதுதான் ஞாபகம் வந்துச்சு. வித்தர்ஸுக்கும் 13 வயசுலயே அப்பா போயிட்டார், பாட்டி கைல பாசமா வளர்ந்தவர், அதே ஆல்பத்துல பாட்டியோட கைகள பத்தியே ஒரு பாட்டு இருக்கு, 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்'. முடிஞ்சா ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க.

இவ்வளவு நல்ல பாடகர் ஏன் அப்புறம் காணாம போனார்?

காணாம போகல, அவரா நிறுத்திக்கிட்டார். 1972ல 'லீன் ஆன் மீ' முதலிடத்துக்கே போச்சு, அப்புறமும் பெரிய ஹிட்ஸ் குடுத்தார். பின்னாடி போன பெரிய கம்பெனில எந்த பாட்டு பாடணும், எப்படி பாடணும்னு மத்தவங்க சொல்ல ஆரம்பிச்சது அவருக்கு ஒத்துக்கல. 1985 ஆல்பத்தோட சரி, அதுக்கு மேல ஆல்பமே போடல. முப்பது வயசுக்கு மேல பாட வந்த ஆள், வேலைன்னா என்னன்னு தெரிஞ்சவர், பாட்டு இல்லாம வாழ முடியாதுங்கற பயம் அவருக்கு இல்ல.

2015ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்தாங்க, ஸ்டீவி வொண்டர்தான் அறிமுகப்படுத்தி, இந்த பாட்டையும் பாடினார். 2020 மார்ச் 30 இதயக் கோளாறால லாஸ் ஏஞ்சலஸ்ல இறந்தார், 81 வயசு. 2024ல அமெரிக்க காங்கிரஸ் நூலகம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் பட்டியல்ல இந்த பாட்ட சேர்த்திருக்கு.

ஃப்ரெண்டுக்கு போன வாரம் பிரேக்கப். இந்த பாட்ட அனுப்பலாமா?

எப்படிப்பட்ட பிரேக்கப்னு முதல்ல கேளுங்க. சுத்தமா முடிஞ்சு போயி, அழணும், ஆனா அழுகை வரலன்னா தாராளமா அனுப்புங்க, ரெண்டு நிமிஷத்துல வேலைய முடிச்சுக் குடுக்கும். ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு தடவ சேர்ந்து பிரியுற கேஸா இருந்தா, நைட்டு ஒரு மணிக்கு இத அனுப்பாதீங்க. மூணாவது, நாலாவது பதில்ல சொன்ன அதே சுழல்லதான் அவங்களும் இருக்காங்க, கேட்டு முடிச்ச கையோட அந்த நம்பருக்கு போன் போட்டுடுவாங்க. நான் பாத்திருக்கேன்.

அந்த மாதிரி ஆளுக்கு 'லீன் ஆன் மீ' அனுப்பிட்டு, நேர்ல போய் பாருங்க. இந்த பாட்ட ஒரு ரெண்டு மாசம் கழிச்சு, பகல்ல, நீங்க பக்கத்துல இருக்குறப்ப போடுங்க.